லீவன்வொர்த்தும் வில்பட்டியும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே!

ஆணி புடுங்கறதுக்காக ஒரு வருசம் என்னை அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துக்கு அனுப்புனாங்க. தங்குனது லீவன்வொர்த். மிசௌரி ஆத்தங்கரையில சின்ன ஊரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தெருவுல ஈ, காக்கா இருக்காது. ராத்திரி சரக்கு ரயில் ஊதுறது மட்டும் கேக்கும். வில்பட்டிக்கு போன் போட்டா, "என்னய்யா, ஒரு சத்தத்தையும் காணோம்? ஊருல ஆளுக இருக்காகளா இல்லையா?"ன்னு அம்மாச்சி கேக்கும் :)

சும்மா இருந்த நேரத்துல ஊரோட சரித்திரத்தைக் கிண்டப்போய்த்தான், அதுக்கும் எங்க மலைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கறது தெரிஞ்சது.

1834ல அமெரிக்க மிஷனரிகள் மதுரையில வேலையை ஆரம்பிச்சாங்க. வெயிலு, காலரா, காய்ச்சல்னு அடுத்தடுத்து சாவு. தப்பிக்க மலை தேடுனாங்க. 1845ல கோடைக்கானல்ல சன்னிசைடு, ஷெல்டன்னு ரெண்டு பங்களா எழும்புச்சு.

அடுத்த பிரச்சினை பிள்ளைங்க படிப்பு. படிக்கணும்னா கப்பலேத்தி அமெரிக்காவுக்கு அனுப்பணும். திரும்பப் பார்க்க வருசக்கணக்காகும். அந்தச் சமயத்துல, இந்தியாவுல ஒய்.எம்.சி.ஏ. வேலையா இருந்த மகனைப் பார்க்க கான்சாஸ்ல இருந்து மார்கரெட் எட்டின்னு ஒரு அம்மா வந்தாங்க. அவங்க மகன் ஷெர்வுட் எட்டி 1871ல பொறந்தது சாட்சாத் லீவன்வொர்த்துலதான்! வந்தவங்களையே தலைமையாசிரியை ஆக்கிட்டாங்க. 1901 ஜூலை 1ந்தேதி, 13 பிள்ளைங்களோட பள்ளிக்கூடம் ஆரம்பம். இன்னைக்கு கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்ங்கறது அதுதான்.

நல்ல கதைதான். ஆனா இவங்கள்லாம் ஏழாயிரம் அடி எப்படி ஏறுனாங்க?

லாஸ் காட் ரோடு முடிஞ்சது 1916ல. அதுக்கு முன்னாடி பெரியகுளம் பக்கமா ஒத்தையடிப் பாதை. குதிரை இல்லைன்னா டோலி. பொட்டி, படுக்கை எல்லாம் ஆளுக தலையில. அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரங்க வச்ச பேரே 'கூலி காட்'. பங்களாவுக்கெல்லாம் பேரு இருக்கு. தூக்குனவங்க ஒருத்தர் பேரும் எந்தப் பலகையிலயும் இல்லை.

இன்னொண்ணு. கோடைக்கானல் கதையை எல்லாரும் 1845ல, ஏதோ ஆளே இல்லாத மலை மாதிரி ஆரம்பிப்பாங்க. 1821லயே மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி கிராமத்துல இருந்துதான் மேல ஏறுனார். ஆளே இல்லைன்னா அந்த ஊரு எப்படி வந்துச்சாம்? குன்னுவர்கள் அதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடியே மலையில ஊரு கட்டி, வெள்ளாமை பண்ணிக்கிட்டு இருந்தாங்க. எங்க வில்பட்டியும் அப்படிப்பட்ட பழைய ஊருதான்.

லீவன்வொர்த்தும் கோடைக்கானலும் கிட்டத்தட்ட ஒரே சைஸு. அங்க 2020 கணக்குப்படி 37 ஆயிரம் பேரு, இங்க 2011ல 36 ஆயிரம். ரெண்டையும் 'அமைதியான ஊரு'ன்னுதான் சொல்வாங்க. ஓய்வெடுக்க வந்தவங்களுக்குக் கோடைக்கானல் அமைதிதான். சுமந்தவங்களுக்கு அது மூச்சு வாங்குற ஏத்தம். அம்மாச்சிக்கு இன்னைக்கும் விடியுமுன்ன தோட்டத்துக்குப் போற ஊரு. ஒரு வருசமா நானும் அந்த அமைதியை மட்டும் அனுபவிச்சுட்டு வந்த ஆளுதான். லீவன்வொர்த்துல ராத்திரி ரயில் ஓட்டுனவங்க யாருன்னு ஒருநாளும் யோசிச்சதில்லை.

கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. மலையில விளையுற ஒண்ணாவது சொந்தப் பேரோட பதிவேட்டுல ஏறியிருக்கு. அடுத்த தடவை கோடைக்குப் போனா, ஏரியைச் சுத்திட்டு அப்படியே திரும்பிடாம வில்பட்டிக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. பூண்டு வாங்குனா பேரம் மட்டும் பேசாதீங்க. வித்துக்கிட்டு இருக்கறது எங்க அம்மாச்சியா இருக்கலாம் :)