திண்ணையில் முறை சொன்னவர்கள்

திருவண்ணாமலைத் தெருக்களில் மிச்சமிருக்கும் திண்ணைகளைப் பார்த்தால் எனக்கு எண்சுவடிதான் ஞாபகம் வரும். 19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளியில் முந்திரி (1/320) முதலான பின்ன வாய்பாடுகளும் மனப்பாடம். சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ‘முறை சொல்லுதல்’ என்று பெயர். மறுநாள் காலையில் ஏடு பார்க்காமல் ஒப்பிக்கணும்.

வெறும் உருப்போடுதல் என்று நானும் கேலி செய்தவன்தான். ஆனால் படித்தபின் தூங்கினால் மறதி குறைவு என்று 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் காட்டினார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி சோதனையில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள்.

பிரம்படியை நியாயப்படுத்தவில்லை, திண்ணை எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவும் இல்லை. ஆனா அந்த மாலை முறை வீணில்லை. என் பையனிடம் இப்போ ‘இன்னொரு தடவை படி’ என்பதில்லை. ராத்திரி புத்தகத்தை மூடிட்டுச் சொல்லச் சொல்கிறேன்.