டிஸ்க் ரைட்டரும் இயங்குதளப் புதுப்பிப்பும்: ஒரு பழுதின் வரலாறு

கணினிக்கு வெளியே யுஎஸ்பி கம்பியால் இணைக்கப்படும் டிஸ்க் ரைட்டர், இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட பிறகு கண்ணில் படாமல் போவதும், கண்ணில் பட்டும் எழுத மறுப்பதும் அக்கருவியின் வரலாறு நெடுகத் தொடர்ந்து வந்த பழுதாகும். அப்பழுதின் வேர் பெரும்பாலும் கருவிக்குள் இருந்ததில்லை. தகட்டில் எழுதும் வேலையை இயங்குதளம் நீண்டகாலம் தன் பொறுப்பாக ஏற்காமல் பிறர் கையில் விட்டுவைத்ததில்தான் அது இருந்தது.

பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்த சிடி, ஆலையில் அச்சிடப்படுவதாகையால், வாங்கியவர் அதைப் படிக்க முடிந்ததே தவிர அதில் எழுத முடியவில்லை. ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988இல் உருவாக்கிய சிடி-ஆர் தகட்டில் சாயப் படலம் ஒன்று பூசப்பட்டிருந்தது. லேசர் கதிர் அப்படலத்தை ஆங்காங்கே சுட்டு ஒளி திரும்பும் அளவை மாற்றியதால், வீட்டிலும் அலுவலகத்திலும் தகடு எழுதும் வழி பிறந்தது. ஆனால் தொடக்க கால ரைட்டர்களில், எழுதத் தொடங்கிய கதிர் நடுவில் நிற்க இயலாது. ஒற்றை வேகத்தில் நொடிக்கு 150 கிலோபைட் வீதம் 74 நிமிடம் தரவு இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வேறொரு நிரல் கணினியைச் சில நொடிகள் பிடித்துக்கொண்டாலும் கருவியின் இடைநினைவகம் காலியாகித் தகடு வீணாகிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுத உதவிய 'பர்ன்-புரூஃப்' நுட்பத்தைச் சான்யோ நிறுவனம் 2000இல் கொண்டுவந்த பின்னரே இத்தொல்லை தணிந்தது.

அக்கால இயங்குதளங்கள் சிடி கருவியைப் படிப்பதற்கு மட்டுமான ஒன்றாகவே கருதியதால், எழுதும் மென்பொருள்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு கருவியிடம் நேரடியாகப் பேச வேண்டியிருந்தது. அடாப்டெக் நிறுவனம் வகுத்த 'ஆஸ்பி' என்னும் இடைமுகம் இதற்குப் பயன்பட்டது. அதோடு, கருவிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே அமர்ந்து, போய்வரும் ஒவ்வொரு கட்டளையையும் பார்த்து மாற்றவல்ல 'ஃபில்டர் டிரைவர்' எனும் சிறு நிரல்களையும் இம்மென்பொருள்கள் நிறுவின. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில், 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்னும் இரு பதிவுகளின் கீழ் இவற்றின் பெயர்கள் எழுதப்பட்டன. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியும் 2007இல் விஸ்டாவும் வந்தபோது, பழைய ஃபில்டர் நிரல் புதிய இயங்குதளத்துக்கு ஒவ்வாமலோ அழிக்கப்பட்டோ போயிருக்க, அதன் பெயர் மட்டும் பதிவேட்டில் எஞ்சிய கணினிகள் பல. பெயர் இருந்து நிரல் இயங்காவிட்டால் சங்கிலி முழுவதும் அறுந்து, எழுதுவது மட்டுமன்றிப் படிப்பதும் நின்றுவிடும். டிவைஸ் மேனேஜரில் கருவியின் பெயருக்கருகே மஞ்சள் குறியும் 39 போன்ற பிழை எண்ணும் தோன்றும். இவ்விரு பதிவுகளையும் நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கி, எழுதும் மென்பொருளைப் புதிதாக நிறுவுமாறு மைக்ரோசாஃப்ட்டே வழிகாட்டியது. இதில் பலரும் கவனிக்கத் தவறிய நுட்பம் ஒன்று உண்டு: அப்பதிவுகள் ஒரு கருவிக்கு உரியவை அல்ல, சிடி-டிவிடி கருவிகள் என்னும் வகுப்பு முழுவதற்கும் உரியவை. ஆகவே யுஎஸ்பி துளையை மாற்றினாலும், புதிய ரைட்டரையே வாங்கி வந்து இணைத்தாலும், அதே பிழை அப்படியே நீடித்தது. நல்ல கருவிகள் குப்பைக்குப் போனதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

லினக்ஸ் உலகின் அனுபவம் வேறு வகையானது. 2003இல் வெளிவந்த, மாண்ட்ரேக் என்னும் லினக்ஸ் தொகுப்பின் 9.2 பதிப்பிலிருந்த கெர்னல், அதாவது வன்பொருளை ஆளும் கருநிரல், இணைந்துள்ள சிடி கருவிகளுக்கு இடைநினைவகத்தைக் காலிசெய்யும் கட்டளை ஒன்றை அனுப்பியது. எழுத இயலாத கருவிக்கு அக்கட்டளையால் வேலை இல்லை. எனினும் எல்ஜி நிறுவனம் தன் சில சிடி-ரோம் கருவிகளில் அதே கட்டளையை, கருவிக்குள் பதிக்கப்பட்ட நிரலான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதற்கென எடுத்தாண்டிருந்ததால், அவை தம் நிரலை இழந்து செயலற்றுப்போயின. மென்பொருள் மாற்றத்தால் கருவியே பழுதடைந்த அரிய நிகழ்வு இது. மறு ஆண்டு வந்த கெர்னல் 2.6.8, சாதாரணப் பயனர் அனுப்பும் கட்டளைகளை வடிகட்டத் தொடங்கியது. ஃபர்ம்வேரை அழிக்கும் கட்டளையைக்கூட எவரும் அனுப்ப முடிந்த நிலையை மூட எடுத்த அம்முடிவு நியாயமானதே. ஆயினும் அதன் விளைவாக, நிர்வாகி உரிமையின்றித் தகடு எழுதுவது பல கணினிகளில் திடீரென நின்றுபோயிற்று.

வெளியே இணைக்கும் ரைட்டருக்கு மின்சாரம் என்னும் மற்றொரு சிக்கலும் உண்டு. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர். தனி மின்னிணைப்பு இல்லாத மெல்லிய ரைட்டர், தகட்டைச் சுழற்றத் தொடங்கும்போதும் எழுதும்போதும் அதைவிட மிகுதியாகக் கேட்கக்கூடும் என்பதால், இரு துளைகளில் செருகும் இரட்டைத் தலைக் கம்பியைத் தயாரிப்பாளர் சிலர் உடன் கொடுத்தனர். படிக்கும் ஆனால் எழுதாது என்ற நிலையில் முதலில் ஐயுற வேண்டியது இந்த மின் பற்றாக்குறையைத்தான். பழுதுபார்ப்போரிடையே நிலைபெற்ற வரிசைமுறையும் இதையொட்டியே அமைந்தது: கருவியை வேறொரு கணினியில் இணைத்துப் பார்ப்பது, அங்கே இயங்கினால் கருவியை விட்டு இயங்குதளத்தின் பக்கம் திரும்புவது, அச்சிட்ட தகட்டைப் படிக்கிறதா என்று பார்த்த பின்னரே வெற்றுத் தகட்டைச் செருகுவது. ரைட்டர்களுக்கான பொதுக் கட்டளைத் தொகுதி 1990களின் பிற்பாதியில் தரப்படுத்தப்பட்டுவிட்டதால், இன்றைய வெளி ரைட்டருக்குத் தயாரிப்பாளரின் தனி டிரைவர் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் பதிவுகளுக்கான இடம் விண்டோஸ் 11இன் ரெஜிஸ்ட்ரியிலும் அதே வகுப்பின் கீழ் இருக்கிறது, மஞ்சள் குறி தோன்றும்போது அங்கே தேடுவது இன்றும் பொருந்துகிறது.