பொந்தியானும் படைக்கலச் சான்றும்

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையை நோக்கி அமைந்தது பொந்தியான். 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் இந்தோனேசியா தன் விடுதலையின் 19-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிற்று. அதே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட படையினர் நீரிணையைக் கடந்து, பொந்தியான் வட்டாரத்தின் மூன்று இடங்களில் கரையேறினர். இந்தோனேசிய வானூர்திப் படை வீரரும் கடற்படை வீரரும் மலேசியப் பொதுவுடைமையர் சிலரும் அவருள் இருந்தனர். காட்டிற்குள் புகுந்து கரந்தடிப் போர் நடத்துவது அவர்தம் நோக்கம். அது கைகூடவில்லை, பெரும்பாலோர் விரைவிலேயே பிடிபட்டனர் அல்லது மாண்டனர். செப்டம்பர் 2-ஆம் நாள் லாபிஸ் பகுதியில் 96 வீரர் வான்குடை வழியே இறங்கினர்.

மலேசியா ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. உள்நாட்டு அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் வழக்கை எடுத்துரைத்தார். கைப்பற்றிய படைக்கலங்களும் மன்றத்தின் முன் காட்டப்பெற்றன. செப்டம்பர் 17-ஆம் நாள் நார்வே கொணர்ந்த தீர்மானத்தை ஒன்பது நாடுகள் ஆதரித்தன, இரண்டு எதிர்த்தன. எதிர்த்தவற்றுள் சோவியத்து நாடு தடுப்புரிமை உடையதாகலின் தீர்மானம் வீழ்ந்தது.

ஈண்டு ஆராயத்தக்க வினா ஒன்று எழுகின்றது. படைக்கலம் ஒன்றைக் கண்டவுடன் அதனை ஏந்தியவர் எந்நாட்டார் எனத் துணியலாமா? இந்தோனேசியா அக்காலத்தில் சோவியத்து நாட்டிடம் கடனாகப் பெருமளவில் தளவாடங்களைப் பெற்றது. லாபிசுக்கு வீரரைச் சுமந்து வந்த ஹெர்க்குலிஸ் வானூர்திகளோ அமெரிக்காவில் செய்தவை. கருவியின் பிறப்பிடத்தை மட்டும் நோக்கின் இரு பகைவல்லரசுகளும் சேர்ந்து ஜொகூரைத் தாக்கின என முடிவு கூற நேரும்!

போர்க்கள நிழற்படங்களைப் பார்ப்போர்க்கு இத்தொல்லை இன்னும் மிகுதி. கலாஷ்னிக்காவ் துப்பாக்கி சோவியத்து நாட்டில் மட்டும் செய்யப்பெற்றதன்று. சீனா, போலந்து, ருமேனியா, பல்கேரியா முதலிய நாடுகளும் செய்தன. பல்கேரியத் துப்பாக்கி கசன்லக் நகரில் உருவாவது. ரோஜாப் பள்ளத்தாக்கு எனப் புகழ்பெற்ற நிலத்தில் அமைந்த நகர் அது. தொடக்கத்தில் சோவியத்து உறுப்புகளைக் கொண்டு பூட்டிய பல்கேரியர், பின்னர்த் தாமே முழுவதும் செய்தனர்.

இதனை அறிதற்குரிய அடையாளங்கள் சில உள. இடப்பக்கத்தின் முற்பகுதியில் இரு வட்டங்களுக்குள் 10 என்னும் எண் பொறிக்கப்பெற்றிருக்கும். சீனத் துப்பாக்கியில் முக்கோணத்திற்குள் 66 என்னும் எண் காணப்படும். வலப்பக்கத்தில், தொடர்ந்து சுடவும் ஒவ்வொன்றாகச் சுடவும் மாற்றும் நெம்புகோலின் அருகே எழுத்துகள் இருக்கும். ஒவ்வொன்றாகச் சுடுதலைக் குறிக்க உருசியர் 'ஒ' ஒலியில் தொடங்கும் எழுத்துகளையும், பல்கேரியர் 'எ' ஒலியில் தொடங்கும் எழுத்துகளையும் பொறித்தனர். இரு மொழியிலும் 'ஒற்றை' எனப் பொருள்படும் சொற்களின் முதலெழுத்துகளே இவை. ஓரெழுத்து நாட்டைப் பிரித்துக் காட்டுகின்றது. எழுத்தமைதி நோக்கிக் கல்வெட்டின் காலம் கணிப்பார்க்கு இம்முறை புதிதன்று.

உடலமைப்பும் துணைசெய்யும். சோவியத்து நாடு 1959-இல் தகட்டை அழுத்திச் செய்யும் முறைக்கு மாறிற்று. பல்கேரியாவோ எஃகுக் கட்டியைக் கடைந்து செய்யும் பழைய முறையை நெடுங்காலம் விடவில்லை. ஆதலின் கடைந்தெடுத்த உடலும் பிற்காலப் பிளாஸ்டிக் பிடியும் ஒருங்கே காணப்படின் பல்கேரியாவை நினைத்தல் தகும்.

எனினும் எச்சரிக்கை வேண்டும். நிழற்படம் ஒரு பக்கத்தையே காட்டும். எண் இடப்பக்கத்தும் எழுத்து வலப்பக்கத்தும் இருத்தலின், ஒரே படத்தில் இரண்டையும் காண்டல் அரிது. பிடியும் தோட்டாக் கூடும் எளிதில் மாற்றத்தக்கவை. ஒரு நாட்டுக் கூடு மற்றொரு நாட்டுத் துப்பாக்கியில் பொருந்தும். கூட்டைக் கண்டு துப்பாக்கிக்கு ஊர் கூறுதல், சட்டையைக் கண்டு ஆளுக்குக் குலம் கூறுதல் போலாம்.

செய்த நாடு தெளிந்தாலும் கொடுத்த நாடு தெளியாது. அங்கோலாவின் யூனிட்டா இயக்கத்திற்குப் படைக்கலம் விற்றலை ஐக்கிய நாடுகள் 1993-இல் தடைசெய்தது. தடை மீறப்பட்டதை ஆராய்ந்த குழு, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் பல்கேரியாவைச் சுட்டியது. டோகோ நாட்டின் பெயரிலமைந்த சான்றிதழ்களைக் காட்டியே அவை வாங்கப்பட்டன என்றும் அது கூறிற்று. பொறிப்பு கசன்லக்கைக் காட்டும். டோகோவின் பெயரைத் தாள்களே காட்டும்.

கொங்கு நாட்டில் உரோமக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அதுகொண்டு உரோமர் கொங்கை ஆண்டனர் என எவரும் எழுதுவதில்லை. வாணிகம் நடந்தது என்றே எழுதுகின்றனர். துப்பாக்கிக்கும் இவ்வளவையே பொருந்தும். பொந்தியான் வழக்கிற்கு வலிமை தந்தவர் பிடிபட்ட மனிதர். அவர் கரையேறிய இடமும் நாளும் அதற்குத் துணைநின்றன. மன்றத்தில் இந்தோனேசியப் பேராளரும் தம் தொண்டர் மலேசிய மண்ணில் போரிட்டதை மறுத்திலர். படைக்கலம் அச்சான்றுகளோடு சேர்ந்து பேசியது, தனித்துப் பேசவில்லை. ஒரு நாட்டின்மேல் போர்ப்பழி சுமத்தும் வழக்கில், தனிப்படம் ஒன்றைக்கொண்டு முடிவு கூறுதல் முறையாகாது.