சுவரில் முளைத்த ஆல்: வெட்டி எரிக்காமல் பொன்சாய் ஆக்குவது எப்படி

தீவகத்தில் 1990, 1991ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளோடு ஆளில்லாமற்போன வீடுகளுக்குத் திரும்புகிறவர்களை முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் சுவரைப் பிடித்து நிற்கும் ஆல் அல்லது அரசு. கூரை போன வீட்டில் பறவைகள் இட்ட எச்சத்திலிருந்து முளைத்தவை அவை. சுண்ணாம்புச் சாந்து இற்றுப்போன இடைவெளியில் வேர் இறங்கி, கல்லைப் பிளந்து, சில வீடுகளில் சுவரையே தூக்கி நிறுத்தியிருக்கின்றன. மேசனை அழைக்கும் முன் அவற்றை வெட்டி எரித்துவிடுவதுதான் ஊர் வழக்கம். மரத்தின் மேல் கோபம் வருவதிலும் நியாயம் இருக்கிறது. எனினும் எரிப்பதற்கு முன் ஒருமுறை அதன் அடியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

பொன்சாய் வளர்ப்பில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கன்றிலிருந்து வளர்ப்பது. மற்றது, காட்டிலோ பாறையிடுக்கிலோ இயற்கையாகவே குறுகி முதிர்ந்த மரத்தைத் தோண்டியெடுத்துச் சாடியில் பழக்குவது. இரண்டாவதை யப்பானியர் யமடோரி என்பார்கள். மலையிலிருந்து எடுத்தது என்று பொருள். காற்றும் வறட்சியும் பல பத்தாண்டுகளாகச் செய்த வேலையைக் கையால் செய்ய முடியாது என்பதே அதன் மதிப்பு.

ஐரோப்பாவில் இதற்குப் பேர்போனது யூ மரம். இங்கிலாந்தில் வாழும் நம்மவர்கள் பழைய தேவாலய முற்றங்களில் கருமையான ஊசியிலையோடு நிற்கும் அதைப் பார்த்திருப்பார்கள். விதையைச் சுற்றிய சிவப்புச் சதையைத் தவிர மரம் முழுவதும் நஞ்சு. அதன் சிறப்பு, கிளைகளை எல்லாம் வெட்டிக் கட்டையாக விட்டாலும் முதிர்ந்த அடிமரத்திலிருந்து புதுத் துளிர் விடுவது. தோண்டியெடுத்த மரம் ஏறக்குறைய வெறும் கட்டைதான். பழைய மரத்தில் துளிர்க்காத இனமென்றால் அதிலிருந்து கிளை அமைக்க வழியில்லை.

தீவகத்தில் யூ கிடையாது. ஆனால் அந்தக் குணம் ஆல், அரசு, இத்தி மூன்றுக்கும் உண்டு. யூ தேறிவர ஆண்டுக்கணக்கு எடுக்கும். நமது ஆல் நல்ல வெப்பத்தில் சில வாரங்களிலேயே துளிர்த்துவிடும். மூன்றில் நான் முதலில் தேடுவது இத்தியை. இலை சிறியது, தடித்தது. அடுத்தது ஆல். அரசின் இலைக்காம்பு நீளமானது, எவ்வளவு பழக்கினாலும் சிறு மரத்துக்கு ஒத்துவராமல் தொங்கும். ஆனால் சொந்த வீட்டில் முளைத்தது அரசுதான் என்றால் இந்தத் தரவரிசையை ஒருவரும் பார்ப்பதில்லை.

எடுப்பதற்கு முன் சில விடயங்கள். ஆளில்லாத வளவு உரிமையாளர் இல்லாத வளவு அல்ல. ஓடு, கதவு, நிலை, தீராந்தி என்று ஒவ்வொன்றாய்க் கழற்றப்பட்ட வீடுகள் தீவகத்தில் ஏராளம். மரமும் அந்தக் கணக்கில் சேரக்கூடாது. சொந்தக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம். பழைய காவலரணோ பதுங்குகுழியோ மண் அணையோ இருந்த இடத்தில் அலவாங்கு போடவேண்டாம். சந்தேகமான உலோகப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். வழிபாடு நடக்கும் மரத்தை, அதன் விழுதை, தொடக்கூடாது. நெடுந்தீவுக் கோட்டை போன்ற பழைய இடிபாடுகளில் எத்தனை அழகான வேர் தெரிந்தாலும் அது தொல்பொருட் சட்டத்துக்கு உட்பட்ட இடம். மண்டைதீவு, வேலணைப் பக்கக் கடலேரிக் கரைகளில் நிற்கும் கண்டலும் அப்படியே. நாட்டிலுள்ள கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக இலங்கை 2015இல் அறிவித்தது. இந்தக் கட்டுப்பாடுகளை வெறும் சட்டப் பேச்சாக நான் பார்க்கவில்லை. இமயமலை யூ மரம் புற்றுநோய் மருந்துக்காகப் பட்டையும் இலையும் உரிக்கப்பட்டு அருகிப்போய், இன்று உலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுச் சுவரின் ஆலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எப்படியும் வெட்டப்படப் போகும் மரம் அது.

தீவகத்தில் எடுப்பதற்கு ஏற்ற காலம் புரட்டாதி. சோழகக் காற்று தணிந்து, மாரி மழை பிடிக்க முன்னுள்ள நாட்கள். வெட்டிய மரம் ஈரக்காற்றிலும் மழைநீரிலும் தேறும். சித்திரை வெயிலிலோ ஆனி, ஆடிக் காற்றிலோ எடுத்தால், கிணற்று நீர் உவராகவுள்ள இடங்களில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

முதலில் மேற்பகுதியை வெட்டிக் குறையுங்கள். ஒன்று, ஒன்றரை அடி அடிமரம் போதும். வடியும் பாலைத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். கண்ணிலும் தோலிலும் படாமல் கையுறை போடுவது நல்லது. பிறகு உளியும் சுத்தியலும் கொண்டு வேர் போகும் வழியே சாந்தைத் தட்டி எடுக்கவேண்டும். பிடித்து இழுத்தால் வேர் அறுவதோடு சுவரும் சரியும். வேர் மட்டுமே தாங்கி நிற்கும் சுவர்கள் பல. முட்டுக்கொடுக்காமல் அதன் கீழே நிற்காதீர்கள், மேசனின் கண் பட்ட பிறகே தொடங்குங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து இலகுவில் உதிரும். சீமெந்துச் சுவரில் அது நடவாது. அங்கே வேரைச் சுவரோடு அறுத்து, கட்டையை மட்டும் எடுத்து நடலாம். ஆலும் இத்தியும் வேரில்லாத கட்டையிலிருந்தும் வேர்விடக் கூடியவை. நெடுந்தீவில் சாந்தில்லாமல் பவளக்கல் அடுக்கிக் கட்டிய வேலிகளில் முளைத்தது என்றால் வேலை சுகம். கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கலாம்.

இரண்டு கல்லுக்கு நடுவில் வளர்ந்த வேர் தட்டையாக, நாடாபோல, கல்லின் வடிவத்தையே வாங்கியிருக்கும். இப்படியான வேர் சாடியில் பிறந்த மரத்துக்கு வராது. வேர் ஒரு கல்லைச் சுற்றிப் பிடித்திருந்தால் பிரிக்காதீர்கள், கல்லோடேயே எடுத்து நடுங்கள். கல்லைக் கவ்விய வேர் பொன்சாயில் தனி வகையாகவே போற்றப்படுகிறது. அதுவும் பேரனார் கட்டிய சுவரின் கல் என்றால் அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சுவருக்குள் மிஞ்சும் வேர் மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். அதன்மேல் உடனே பூச்சுப் பூசவேண்டாம். ஒரு மாரி பொறுத்து, வருகிற துளிரையெல்லாம் தோண்டியெடுத்த பின் இடைவெளியை நிரப்புங்கள்.

எடுத்த மரத்தை ஈரச்சாக்கில் சுற்றி அன்றைக்கே நட்டுவிடவேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு அழகான தட்டுச்சாடி தேவையில்லை. பலகைப் பெட்டியோ, அடியில் துளையிட்ட அகலமான பிளாஸ்ரிக் பேசினோ போதும். அரித்தெடுத்த பருமணல், உடைத்த ஓட்டுத் துண்டு, சிறிது தும்பு இவை கலந்த கலவை நல்லது. கடல் மணல் ஆகாது. அடிமரத்தைப் பெட்டியோடு கயிற்றால் இறுகக் கட்டுங்கள். காற்றில் ஆடினால் புதுவேர் அறும். துளிர் வரும்வரை நிழலும் ஈரமும், பசளை வேண்டாம். முதல் ஆண்டு முழுவதும் விட்டபடி வளர விடுங்கள். கிளை நீண்டால்தான் அடியில் வேர் கூடும்.

தண்ணீர்தான் தீவகத்தில் பெரிய சிக்கல். நிலத்தில் நிற்கும் மரத்தின் உப்பை மாரி கழுவிவிடும், சாடியில் அது சேர்ந்துகொண்டே போகும். இலையோரம் கருகி, மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பென்று அறியலாம். மாரியில் தொட்டியில் பிடித்த மழைநீரைச் சாடிகளுக்கென்று ஒதுக்கிவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடித்துளையால் வழிந்தோடும்படி ஊற்றவேண்டும்.

இரண்டாம் ஆண்டில் வேண்டிய கிளைகளைத் தெரிந்து மற்றவற்றை வெட்டலாம். அலுமினியக் கம்பி சுற்றி வளைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆலின் கிளை வேகமாகப் பருக்கும். ஒரு மாதத்துக்குள்ளேயே கம்பி தோலுக்குள் புதையத் தொடங்கலாம், பதிந்த தழும்பு பல ஆண்டுகளுக்குப் போகாது. வாரம் ஒருமுறை பாருங்கள், இறுகினால் நறுக்கி எடுங்கள், வேண்டுமானால் திரும்பச் சுற்றுங்கள். கம்பிக்குப் பதில் கயிறு கட்டிக் கீழே இழுத்து வைப்பது எனக்குப் பிடித்த வழி.

இணையக் காணொளிகளில் யூ மரத்தின் பட்டையை உரித்து, வெளுத்த பட்டமரமாக விடுவதைக் காட்டுவார்கள். யூவின் கட்டை உறுதியானது, உளுக்காமல் நெடுங்காலம் நிற்கும், அதனால் அங்கே அது அழகு. ஆலில் அப்படிச் செய்யவேண்டாம். அதன் மரம் மென்மையானது, இரண்டு மாரிக்குள் உக்கிப்போகும். பெரிய வெட்டுக்காயத்தைச் சீராகச் செதுக்கி, பட்டை மூடி வரச் செய்வதே இங்கே வழி.

கிளைகள் அமைந்த பின், உரமாக நிற்கும் மரத்தில் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை இலைகளைக் காம்பு விட்டு நறுக்கலாம். அடுத்து வரும் இலை சிறியதாக வரும். உள்ளங்கையளவு ஆலிலை இப்படிப் படிப்படியாகச் சிறுக்கும். தட்டுச்சாடிக்கு மாற்றுவது அதற்கும் பிறகு, நாலைந்து ஆண்டு கழித்து.

விடுமுறைக்கு வந்த உறவினர் மரத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக ஆசைப்படுவார்கள். தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அது நடவாது. மண்ணோடு கொண்டுபோக ஐரோப்பிய நாடுகள் விடுவதில்லை, அங்கத்தைய குளிரில் ஆல் வெளியில் நிற்பதும் இல்லை. வீட்டில் ஒருவரிடம் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவிட்டுப் போகலாம். கல்லில் ஒரு துண்டு வேண்டுமென்றால் அதைக் கழுவிக் கொண்டுபோகட்டும்.