வலிக்காமல் முடியை நீக்கிய மெஷினின் கதை

போன வாரம் ஓபியில் ஒரு கல்லூரி மாணவி. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்தார். விலக்கிப் பார்த்தால் மேலுதட்டில் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. பார்லரில் வேக்ஸிங் செய்த இடம்.

விசாரித்தால், பருவுக்காக ராத்திரி ட்ரெட்டினாயின் கிரீம் போடுகிறார். பார்லரில் யாரும் அதைக் கேட்கவில்லை. இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "வலிக்காம முடிய எடுக்க ஏதாவது மெஷின் இருக்கா டாக்டர்?"

நூறு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு மெஷின் இருந்தது மக்களே. அதன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் அதை ஒரு சிறுமியின் முதுகில் பாய்ச்சினார். முதுகு முழுக்க முடி அடர்ந்த பெரிய மச்சம் அவளுக்கு. தினமும் 2 மணி நேரம் என்று பல நாட்கள் கதிர்வீச்சு கொடுத்தார். முடி கொட்டியது. வலியே இல்லை!

ஆனால் பிறகு முதுகில் புண் வந்தது. லேசில் ஆறவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்தத் தழும்போடுதான் அந்தப் பெண் வாழ்ந்தார்.

இதைப் பார்த்து உலகம் பயந்ததா? இல்லை. வியாபாரம் ஆக்கியது.

1920களில் நியூயார்க்கின் ஆல்பர்ட் கெய்சர் என்ற மருத்துவர் 'ட்ரைக்கோ' என்ற எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்தார். அமெரிக்க அழகு நிலையங்களுக்கு அது வாடகைக்குப் போனது. பார்க்க அழகான மரப்பெட்டி. பெண்கள் அதன் முன் உட்கார்ந்து கன்னத்தையோ தாடையையோ காட்டினால் போதும், சில நிமிடத்தில் வேலை முடிந்தது. இயக்கியவர்கள் சொற்பப் பயிற்சி மட்டும் பெற்ற பார்லர் ஊழியர்கள்.

முதலில் தோல் சுருங்கியது, கறுத்தது. பிறகு ஆறாத புண்கள். இன்னும் சில வருடங்கள் போய்ச் சிலருக்குத் தோல் புற்றுநோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1930 வாக்கில் அந்த நிறுவனம் மூடப்பட்டது.

அத்தோடு விட்டதா? அதே சமயத்தில் 'கோரெம்லு' என்ற கிரீம் வந்தது. அதில் இருந்தது தாலியம் அசிடேட். தாலியம் என்றால் எலி மருந்தில் போட்ட விஷம்! தோல் வழியாக உடம்புக்குள் போய் முடி வேரைத் தாக்கும். அங்கேயே நிற்காது, நரம்பையும் தாக்கும். தலைமுடி கொட்டி, கால் வலி எடுத்து, நடக்க முடியாமல், பார்வை மங்கிப் பெண்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

அன்றைய அமெரிக்கச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டும்தான் கட்டுப்படுத்தியது. அழகு சாதனம் அதில் இல்லை. இந்த மாதிரிப் பொருட்களால் எழுந்த கோபமும் சேர்ந்துதான் 1938இல் புதுச் சட்டம் வந்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? எக்ஸ்ரே கொஞ்சமும் வலிக்கவில்லை. வலி இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லைங்க.

இப்போ வேக்ஸிங்குக்கு வருவோம். மேற்கு ஆசியாவில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிய பாகால் முடி எடுக்கும் பழக்கம் ரொம்பப் பழையது. வேக்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் முடியோடு தோலின் மேலடுக்குச் செல்களையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வரும். ட்ரெட்டினாயின் அந்த மேலடுக்கை மெலிதாக்குகிறது. அதனால்தான் அந்த மாணவிக்குத் தோலே உரிந்தது.

சென்சிடிவ் ஸ்கின் உள்ளவர்கள் கவனிக்க:

👉 ரெட்டினாய்டு கிரீமோ, முகத்தில் ஸ்டீராய்டு கிரீமோ போடுகிறீர்களா? அந்த இடத்தில் வேக்ஸ் வேண்டாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை என்றால், நிறுத்திய பிறகும் 6 மாதம் வேண்டாம்.

👉 முன்கையில் சின்ன இடத்தில் போட்டுப் பார்த்து 24 மணி நேரம் பொறுங்கள்.

👉 சூட்டை முதலில் மணிக்கட்டில் சோதியுங்கள்.

👉 முடி வளரும் திசையில் தடவி, தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில் தோலை ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடுங்கக் கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடக் கூடாது.

👉 ஒருவருக்குத் தொட்ட குச்சியை மறுபடி வேக்ஸில் முக்கினால் "வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

👉 முடிந்ததும் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம். ஒரு நாளைக்கு வெந்நீர்க் குளியல், வெயில், இறுக்கமான உடை வேண்டாம்.

👉 சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. முகத்தில் முடி திடீரென அதிகமாகி, மாதவிடாயும் தள்ளிப்போகிறதா? பார்லருக்கு முன்னால் மருத்துவரிடம் வாருங்கள். பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் பிரச்சினையாக இருக்கலாம்.

அந்த மாணவியிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். உங்களுக்கும் அதேதான். உடம்பில் முடி இருப்பது நோயும் இல்லை, அசிங்கமும் இல்லை. எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். எடுப்பதென்றால் தோலுக்குச் சேதமில்லாமல் எடுங்கள்.

துப்பட்டாவை இறக்கிவிட்டுச் சிரித்தார்.