பயிற்சியாளர் (பொறுப்பு)

நம் ஊர் அரசு அலுவலகங்களில் பெயர்ப்பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். வட்டாட்சியர், தலைமையாசிரியர் என்று பதவி எழுதியிருக்கும். சில பலகைகளில் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்றும் இருக்கும். வேலை முழுக்க அவருடையது, பதவி அவருடையது இல்லை. சென்னையின் எஃப்.சி. கால்பந்துக் கிளப்பின் பயிற்சியாளர் பட்டியலைப் படித்தபோது எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கோடு பிறந்த கிளப் இது. 'சென்னையின்' என்றால் சென்னைக்குச் சொந்தமானது என்று பெயரே சொல்கிறது. ஆனால் 2014 முதல் 2025 வரை இதன் முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேரும் ஐரோப்பியர்கள். இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஹங்கேரி, மாண்டினீக்ரோ, ஜெர்மனி. இடையில் ஒரே ஒரு சென்னைக்காரர் வருகிறார், அதுவும் 'பொறுப்பு' என்ற குறிப்போடு. இதில் மண்ணின் மைந்தர் அரசியல் பேச எனக்கு விருப்பமில்லை. என் கேள்வி வேறு: ஒரு பயிற்சியாளர் போகும்போது அந்த ஊரில் எதை விட்டுவிட்டுப் போகிறார்?

முதலாமவர் மார்க்கோ மாத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் யாருடைய நெஞ்சில் ஜிதான் தலையால் முட்டினாரோ, அவரேதான். முதல் சீசனில் ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டும் அவரே. அணி லீக்கில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு கதை மாறியது. ஒரு கட்டத்தில் கடைசி இடத்தில் கிடந்த அணி திடீரென்று எழுந்து வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்தது. அதற்குள் டிசம்பர் மழை வந்து சென்னை மூழ்கியது. நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியை புனேவில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கோவா கோல்கீப்பரின் சேம்சைடு கோல் ஒன்று, அடுத்து மெண்டோசாவின் கோல் ஒன்று. 3-2. வெள்ளத்தில் நனைந்த ஊருக்குக் கோப்பை வந்தது. மறு ஆண்டு அணி ஏழாவது இடம்; அவரும் கிளம்பிவிட்டார்.

அடுத்து ஜான் கிரிகரி. ஆஸ்டன் வில்லாவை 2000-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை கொண்டுபோன அனுபவஸ்தர். முதல் சீசனிலேயே, 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரு அணியை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பையை வாங்கித் தந்தார். அதற்கு முந்தைய அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னையில் அடித்த மூன்று கோல்களில் ஒன்று தன்பால் கணேஷுடையது. வியாசர்பாடிப் பையன். அடுத்த சீசன்? பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, பட்டியலில் கடைசி. அதே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே அணி.

2019 இறுதியில் ஓவன் கோய்ல் வந்தார். அடிமட்டத்தில் இருந்த அணியை நாலு மாதத்தில் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தால் ரசிகர்களே இல்லாத மைதானம். ஸ்பெயின்காரர் ஹபாஸின் கொல்கத்தா அணியிடம் 3-1 என்று தோல்வி. கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2022-இல் அவர்களுக்கு லீக் கேடயத்தை வாங்கித் தந்தார். சென்னை சாபா லாஸ்லோவை அழைத்தது, எட்டாவது இடம். பிறகு போஜிதார் பாண்டோவிச். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் அவரை அனுப்பிவிட்டார்கள். மீதி ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் சையது சபீர் பாஷா.

இந்தப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயில் தமிழ்நாட்டுக் கால்பந்தின் பழைய வரைபடம் மாதிரி. வில்லிவாக்கம் தாண்டினால் ஐ.சி.எஃப்., அதற்கென்று ஒரு அணி. பெரம்பூர் தாண்டி வியாசர்பாடி ஜீவா, தெருவுக்கு நாலு பையன்கள் பந்தும் காலுமாக. சென்ட்ரலில் இறங்கி நடந்தால் நேரு ஸ்டேடியம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி. இங்கே கால்பந்து பிழைத்தது இந்த அலுவலக அணிகளால்தான். நல்லா ஆடினால் வேலை, வேலை கிடைத்தால் வீடு. அந்த உலகம் தந்த முன்கள வீரர் பாஷா. இந்தியன் வங்கிக்கும் இந்திய அணிக்கும் ஆடியவர். கிரிகரி கோப்பை வாங்கியபோது அவருடைய உதவிப் பயிற்சியாளர். வெள்ளைக்காரப் பயிற்சியாளர்கள் வந்து போக, உள்ளூர் ஆட்டக்காரனின் பாஷையும் வீடும் தெரிந்த ஆளாக அங்கே இருந்தவர் அவர்.

சீசன் எட்டாவது இடத்தில் முடிந்தது. அடுத்த சீசனுக்கு ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிர்தாரிச் வந்தார். மறுபடியும் எட்டாவது இடம். பிறகு கோய்ல் திரும்பி வந்தார், 2024-இல் பிளே-ஆஃப் வரை போனார், அடுத்த ஆண்டு பதினொன்றாவது இடத்தில் முடித்தார்.

நியாயமாகப் பார்த்தால் கிளப் பக்கமும் வாதம் உண்டு. இரண்டு கோப்பையும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கித் தந்தவை. பாதி உடைந்த அணியைக் கையில் வாங்கியவர் பெரிதாக எதையும் மாற்றவில்லை. சரிதான். ஆனால் வீடு பற்றி எரியும்போது மட்டும் ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, அவருக்கு வீட்டு நிர்வாகம் தெரியுமா என்று எப்படி முடிவு செய்வது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் மாமா வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பிளான்ட் மேனேஜர் என்றால் வெளியூர் ஆள்தான். அவர் மாற்றலாகிப் போய் அடுத்தவர் வரும்வரை மாமா 'இன்சார்ஜ்'. மூன்று தடவை இன்சார்ஜ் ஆனார். ஓய்வு பெறும்போது ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் எந்தச் சத்தம் போட்டால் எங்கே பழுது என்று புதிதாக வந்த மேனேஜர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

வெளியாள் வருவதே தப்பா என்றால், இல்லை. ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோவைப் பாருங்கள். பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ள ஆட்டக்காரர்களை மட்டுமே சேர்க்கும் கிளப். பயிற்சியாளருக்கு அந்த விதி கிடையாது. அவர்களுடைய பொற்காலத்தைத் தந்தவர் ஃபிரெட் பென்ட்லண்ட் என்ற இங்கிலாந்துக்காரர். முதல் உலகப்போரில் பெர்லின் பக்கத்தில் ரூலேபன் முகாமில் சிறைப்பட்டிருந்தவர், 1922-இல் பில்பாவோ வந்தார். பூட்ஸ் நாடாவை ஒழுங்காகக் கட்டுவதில் ஆரம்பித்தாராம். நீளமாகத் தூக்கி அடித்து ஓடும் ஆட்டத்தைக் குறும்பாஸ் ஆட்டமாக மாற்றினார். 1930, 1931 இரண்டு ஆண்டும் லீக், கோப்பை இரண்டுமே அவர்களுக்கு. 1931-இல் பார்சிலோனாவை 12-1 என்று அடித்தார்கள். ஸ்பெயினில் இன்றும் ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலேயப் பயிற்சியாளர்கள் விட்டுப்போன சொல் அது.

ஆனால் அங்கே கதை வெளியாளோடு முடியவில்லை. 1983, 1984 லீக் பட்டங்களை வாங்கித் தந்த ஹாவியர் கிளமென்டே, பக்கத்து ஊரான பரகால்டோக்காரர். காயத்தால் இளம் வயதிலேயே ஆட்டம் முடிந்துபோக, அதே கிளப்பின் சின்ன அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து மேலே வந்தவர். தலைமைப் பொறுப்பு வந்தபோது முப்பதைத் தாண்டிய வயதுதான். யாரும் அவரை அவசரத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. ஏறி வர ஒரு படிக்கட்டு அங்கே இருந்தது.

நம் நாட்டிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம் பயிற்சியில்தான் இந்தியா 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. அப்புறம் சூப்பர் லீக் தொடங்கி, 2021-இல் காலித் ஜமீல் நார்த்ஈஸ்ட் அணிக்கு வரும்வரை, அந்த லீக்கில் ஓர் இந்தியர்கூட முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை. அதே ஜமீல்தான் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

சென்னையின் எஃப்.சி.யும் 2025-இல் முதல் முறையாக ஓர் இந்தியரை முழுநேரப் பதவியில் அமர்த்தியது. கோவாக்காரர் கிளிஃபர்ட் மிராண்டா. அவருடைய வரலாற்றைப் பாருங்கள். 2020-இல் கோவா அணி ஸ்பெயின்காரர் லொபேராவை நீக்கியபோது இடைக்காலப் பொறுப்பு. லீக் கேடயத்தை வென்றது அணி. 2023-இல் ஒடிஷாவில் மறுபடியும் இடைக்காலப் பொறுப்பு; சூப்பர் கோப்பையை வென்றது அணி. அடைப்புக்குறிக்குள்ளேயே இரண்டு கோப்பை வாங்கிய பிறகுதான் நம் ஊரில் அந்தக் குறி நீங்கியிருக்கிறது. அதுவும் அந்த ஆண்டு லீக் எப்போது தொடங்கும் என்றே யாருக்கும் தெரியாத, கிளப்புகள் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்த ஒரு நேரத்தில்.

அதனால் எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. கஷ்ட காலத்தில் மட்டும் உள்ளூர் ஆளைத் தேடுவது பழைய பழக்கம்தான். மிராண்டா தோற்கலாம், மாத்தராஸியும் கிரிகரியும்கூட ஒரு சீசன் தோற்றவர்கள்தான். கிரிகரிக்குத் தோற்ற பிறகும் 'அடுத்த சீசன் பார்க்கலாம்' என்று ஒரு தவணை கிடைத்தது. அந்தத் தவணை மிராண்டாவுக்கும், நாளைக்கு வியாசர்பாடியிலிருந்து பயிற்சியாளர் லைசென்ஸ் படித்துவிட்டு வரும் ஒருவருக்கும் கிடைக்குமா என்பதில்தான் இருக்கிறது, இந்தக் கிளப் பெயருக்கேற்றபடி சென்னையினுடையதா என்பது.