கிராக்கும் முறிவுதான்: சுச்ருதர் வைத்த பன்னிரண்டு பெயர்கள்

சென்ற மழைக்காலத்தில் கடைப்படியில் கால் பிசகி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பாதத்தில் ‘ஹேர்லைன் கிராக்’ என்றார்கள். கிராக் தானே, ஃபிராக்சர் இல்லையே என்று நானாகவே சமாதானம் செய்துகொண்டு எட்டாம் நாளே கடைக்குப் போய் நின்றுவிட்டேன். விளைவு, பாதம் வீங்கி மறுபடியும் ஆறு வாரம் கட்டு. “உடையலை, சும்மா விரிசல்தான்” என்கிற பேச்சு நம் வீடுகளில் இன்றும் உண்டு. மருத்துவர்களுக்கோ விரிசலும் முறிவில் ஒரு வகையே.

படுக்கையில் இருந்த நாட்களில் சுச்ருத சம்ஹிதையை இந்தி உரையோடு வைத்துக்கொண்டு வாசித்தேன். நிதான ஸ்தானம் 15-ஆம் அத்தியாயம் முழுவதும் இந்த விஷயம்தான். மூட்டு நழுவினால் ‘சந்திமுக்தம்’, அதில் 6 வகை. எலும்பே முறிந்தால் ‘காண்டபக்னம்’, அதில் 12 வகை. அந்தப் பன்னிரண்டில் கடைசிப் பெயர் ‘ஸ்புடிதம்’, அதாவது விரிசல்! உள்ளே தானியத்துச் சுணை நிறைந்தாற்போல் குத்தும், வீங்கும் என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார். எனக்குக் குத்தியதும் அப்படியேதான்.

மற்றப் பெயர்களும் கண்ணாலும் கையாலும் அறிந்து வைத்தவை. இரு முனையும் தாழ்ந்து நடுவில் முண்டு எழுந்தால் ‘கர்க்கடகம்’, நண்டு. உடைந்த முனை குதிரையின் காது போல் மேலே தூக்கி நின்றால் ‘அசுவகர்ணம்’. தொட்டால் நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் ‘சூர்ணிதம்’. வளைந்தும் பிரியாமல் இருந்தால் ‘வக்ரம்’. குழந்தைகளுக்கு வரும் ‘கிரீன்ஸ்டிக்’ முறிவை இதோடு ஒப்பிடுவார்கள். பச்சைக் கொம்பை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும். முறிந்த துண்டு எலும்புக்குள்ளேயே புகுந்து மஜ்ஜையைத் தொட்டால் ‘மஜ்ஜானுகதம்’. சூர்ணிதம், சின்னம், அதிபாதிதம், மஜ்ஜானுகதம் ஆகிய நான்கும் குணமாவது கடினம் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். பெயரைச் சொன்னாலே நிலைமை தெரிந்துவிடுகிறது.

மேல்நாட்டில் சில முறிவுகளுக்கு மருத்துவர் பெயரையே சூட்டினார்கள். டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் மணிக்கட்டு முறிவு ஒன்றை 1814-இல் விவரித்தார். அது ‘காலிஸ் முறிவு’ ஆயிற்று. ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததோ 1895-இல். ஆக, காலிஸும் சுச்ருதரைப் போலக் கையால் தடவித்தான் அறிந்திருக்கிறார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் ‘காலிஸ்’ என்றால் நோயாளிக்கு என்ன புரியும்? ‘குதிரைக் காது’ என்றால் பாட்டிக்கும் புரியுமே!

எங்கள் சமண நூல்களில் ‘சம்ஹனனம்’ என்று எலும்புக் கட்டுமானத்தை ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது வஜ்ர விருஷப நாராசம், வச்சிரம் போல் உறுதியானது, தீர்த்தங்கரர்களுக்கு உரியது. பஞ்சம காலத்தில் பிறந்த நமக்கு அது கிடையாது. இது மருத்துவமல்ல, கர்ம சாஸ்திரம். இருந்தாலும் கட்டுப் போட்ட காலோடு படித்தபோது சிரிப்பு வந்தது.

சிகித்சா ஸ்தானம் 3-ஆம் அத்தியாயத்தில் கட்டு மாற்றும் கணக்கு இருக்கிறது: குளிர்காலத்தில் 7 நாளுக்கு ஒருமுறை, மிதமான பருவத்தில் 5, வெயிலில் 3. எலும்பு கூடி உறுதிப்பட இளம் வயதில் ஒரு மாதம், நடுவயதில் இரண்டு, முதுமையில் மூன்று மாதம் என்கிறார். எனக்கு வயது அறுபதைத் தாண்டியாயிற்று. எட்டாம் நாள் கடைக்குக் கிளம்பியபோது சுச்ருதரின் நடுவயதுக் கணக்கிலேயே இன்னும் 52 நாள் பாக்கி.